வலிக்காத கன்னம்

நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இப்போது புதிதாக ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள், பெறப்போகிறவர்கள், பெருங்குடிப் பக்கத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளிலிருந்து மாலை மரியாதையோடு வெளியே அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் பழைய முறைச் சவரத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒற்றை பிளேடு போடும் கனமான ரேசர், ஏதோ ஒரு பிராணி இழந்து தவிக்கும் முடியில் செய்த பிரஷ், மரக் கிண்ணத்தில் சோப்பு. காலை நடையில் என்னோடு வரும் நண்பர் இதற்கென்று ஒரு தனி அலமாரியே அடித்திருக்கிறார். போன வாரம் அவர்தான் கேட்டார்: "தினமும் பளபளன்னு வர்றீங்க. பழைய ஆளு வேற. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நாலு டிப்ஸ் எழுதிக் குடுங்க, குரூப்ல போடறேன்."

உட்கார்ந்தேன். 'முதலில், நல்ல தண்ணீர்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. எனக்குச் சவரம் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அதை நான் என் முகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. என் முகத்தில் மழிப்பதற்கு ஒன்றுமே முளைக்காத பதின்மூன்று வயதில், இன்னொருவர் முகத்தில் கற்றுக்கொண்டேன். அந்தக் கோடை விடுமுறை முழுக்க நான் விடாமல் செய்த ஒரே காரியம் பயப்படுவது. ஆகவே நண்பர் மன்னிக்கவேண்டும், இது குரூப்பில் போடும் அளவில் வராது. இருந்தாலும் உங்களை விட்டால் யாரிடம் சொல்வது? என் பிள்ளைகளுக்கு ரேசர் என்றால் கடையில் வாங்கி இரண்டாம் நாள் குப்பையில் போடும் பிளாஸ்டிக்.

மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். பங்குனி மாதத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், முகத்தில் வலது பாதி. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, இழுத்து நடந்தார். பேச்சும் திரும்பியது, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்ததுபோல் வழவழவென்று. கை வரவில்லை. வலது கன்னமும் வரவில்லை. அது சற்றுத் தொங்கி, கிள்ளினாலும் தெரியாமல், யாருடைய கன்னமோ அவர் முகத்தில் தற்காலிகமாகத் தங்கியிருப்பதுபோல் இருந்தது.

அப்பா ஒரு கம்பெனியின் கிடங்கில் மேற்பார்வையாளர். லாரியிலிருந்து மூட்டை இறங்குவதைப் பார்ப்பதும், தப்பாக அடுக்கினால் சத்தம் போடுவதும் வேலை. பார்க்க முடியும், சத்தமும் ஒருவாறு போடலாம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நேரில் வந்து பார்ப்பதாக மானேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆள் தேறியிருந்தால் பழைய வேலை. தேறவில்லை என்றால் வேறு ஆள். வேறு ஆள் என்றால் நாங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு திருநெல்வேலிப் பக்கம் அம்மாவின் தம்பி வீட்டுக் கொல்லை அறைக்குப் போகவேண்டும். இதை அம்மா எனக்குச் சொல்லவில்லை. அத்தை சொன்னாள், தினமும்.

அத்தை அப்பாவின் அக்கா. தம்பியைப் பார்க்க ஊரிலிருந்து வந்து, ஒரு வாரத்துக்கென்று கொண்டுவந்த பையோடு மூன்று மாதம் தங்கியவள். அப்பாவுக்கு ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு டாக்டர் ரத்த அழுத்தம் என்று ஒரு காரணம் சொல்லியிருந்தார். அத்தையிடம் அதைவிடத் தெளிவான காரணம் இருந்தது. அப்பா வெள்ளிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் பாராமல் சவரம் செய்துகொண்டவர்.

"வருசக்கணக்கா சொல்லுதேன். வெள்ளிக்கெழம மூஞ்சில கத்தி படக்கூடாதுன்னு. கேட்டானா? ஆபீசுக்குப் போவணும்னான். இப்பம் எந்த ஆபீசுக்குப் போறான்?"

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் கடுமையாயிற்று. செவ்வாய் கூடாது, வெள்ளி கூடாது, அமாவாசை கூடாது, அப்பாவின் ஜன்ம நட்சத்திரம் வரும் நாள் கூடவே கூடாது. அதற்காகத் தாடி விடவும் முடியாது. அதற்கும் அத்தையே காரணம் சொன்னாள். "மூஞ்சியப் பாத்துத்தாம்யா வேல குடுப்பான். தாடி இருந்தா சீக்காளி. செரைச்சுட்டா மனுசன்."

இப்போது யோசித்தால், அந்த வீட்டில் அப்பாவின் நோயைப் பற்றி யாருக்கும் எதுவும் புரியவில்லை. புரிந்ததெல்லாம் தாடி ஒன்றுதான். அது கண்ணுக்குத் தெரிந்தது, வளர்ந்தது, அதை ஏதாவது செய்ய முடிந்தது. மூன்று பேரும் அதைப் பிடித்துக்கொண்டோம்.

முதலில் தெருமுனை முடிவெட்டும் கடைக்காரரை வீட்டுக்கு வரவழைத்தோம். அப்பாவுக்குப் பல வருடப் பழக்கம். வாய் ஓயாமல் பேசுவார். தண்ணீர் லாரி வராத கதையைப் பேசிக்கொண்டே இடது கன்னத்தை முடித்தார். வலது கன்னத்தில் இரண்டு இழுப்பு இழுத்ததும் பேச்சு நின்றது. காதுக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி. அதைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், வலிக்கலியா?"

"எ...ன்னது?" என்றார் அப்பா.

கடைக்காரர் கத்தியை மடக்கினார். வெளியே வந்து அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "தப்பா நென்ச்சிக்காதம்மா. என் கை இன்னா கைன்னு இந்த ஏரியாவுல யாரை வோணா கேளு. ஆனா கஸ்டமரு மூஞ்சிதாம்மா எனக்குக் கண்ணு. லைட்டா பட்டாலே அவுரு 'ஸ்'ம்பாரு, நான் கைய எடுத்துருவேன். சார் மூஞ்சி ஒண்ணியுமே சொல்ல மாட்டேங்குது. நான் பாட்டுக்கு போய்க்கினே இருந்தா இன்னா ஆவறது?"

"பாதியில விட்டுட்டுப் போனா எப்படிங்க?"

"பயமா கீதும்மா," என்றார் அவர். முப்பது வருடமாகக் கத்தி பிடித்த மனிதர். படியிறங்கும்போது என் தலையைத் தடவி, "நீ படிச்சி பெரியாளாயி அப்பாக்கு அந்த கரண்டு மிசினு வாங்கிக் குட்துரு நைனா," என்றார். அதற்கு நான் குறைந்தது எட்டு வருடம் படிக்கவேண்டும். மானேஜர் எட்டு வாரத்தில் வருவதாக இருந்தார்.

அடுத்த இரண்டு நாள் அப்பா ஒரு பக்கம் மாப்பிள்ளையாகவும் மறுபக்கம் சாமியாராகவும் உட்கார்ந்திருந்தார். இடது கையால் தானே செய்துகொள்வதாகச் சொன்னார். அம்மா ரேசரை எடுத்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அம்மா செய்யலாமே என்று நான் கேட்டேன். கட்டியவள் புருஷன் கழுத்துக்கிட்டே பிளேடு கொண்டுபோகக் கூடாது என்று அத்தை தன் சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அம்மாவின் கையும் அப்போதெல்லாம் காப்பி டம்ளரைப் பிடித்தாலே சத்தம் கேட்கும்படி ஆடிக்கொண்டிருந்தது. மீதி இருந்த ஆண்பிள்ளை நான்.

"எய்யா, நீதான் செய்யணும்," என்றாள் அத்தை. முழுப் பூசணிக்காயைப் பெண்கள் வெட்டக் கூடாது என்பதால் அப்பா படுத்ததிலிருந்து முதல் வெட்டு வெட்டுவது என் வேலையாகியிருந்தது. அதே வரிசையில் அடுத்த பதவி உயர்வாக இதுவும் வந்தது.

ஆகவே, புதிதாக ஆரம்பிக்கும் நண்பர்களே, முதலில் தண்ணீர். உங்கள் அலமாரியில் எத்தனை உயர்ந்த சோப்பு இருந்தாலும், தண்ணீர் உப்பாக இருந்தால் நுரை வராது. எங்கள் சந்தில் இருந்த அடிபம்பில் வந்தது கடலுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதில் பிரஷ்ஷை நனைத்து எவ்வளவு சுழற்றினாலும், மோரில் ஆடை மிதப்பதுபோல் நாலு வெள்ளைத் துணுக்கு மிதக்கும், அவ்வளவுதான். நல்ல தண்ணீர் லாரியில் வந்தது, ஒருநாள் விட்டு ஒருநாள், குடத்துக்குச் சண்டை போட்டு. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்று அம்மா அளந்து வைத்திருப்பாள். அதிலிருந்து அரை டம்ளர் எடுத்துச் சுடவைத்து, அப்பாவின் அலுமினியக் கிண்ணத்தில் ஊற்றி, பிரஷ்ஷை முக்கினேன். கிண்ணத்தின் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். பிரஷ்ஷில் முடி பாதி கொட்டி, நடுவில் வழுக்கை. இரண்டும் பின்னால் வீடு மாறும்போது எங்கோ தொலைந்துபோயின. ஆனால் அந்த அரை டம்ளரில் முதல்முறை நுரை எழும்பியபோது வந்த வாசனை, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் இருந்த அப்பாவின் வாசனை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உடனே உள்ளே போய்விட்டாள்.

ஒத்திகை ஒரு வெள்ளைப் பூசணியில் நடந்தது. இளங்காய்க்கு மேலே சாம்பலும் மெல்லிய ரோமமும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கூட்டுக்காக வாங்கி வைத்திருந்த காயை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய், நுரை பூசி, ரேசரை வைத்தேன். ரேசரின் கைப்பிடியைப் பரப்புக்கு நேர்செங்குத்தாக நீட்டி, பிறகு மெல்ல மெல்லத் தாழ்த்தவேண்டும். ஓர் இடத்தில் 'சரக்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சாய்வுதான் சரியான சாய்வு. அமுக்கக் கூடாது, ரேசரின் கனமே போதும். இதையெல்லாம் எனக்குக் கற்றுத்தந்தது அந்தப் பூசணிக்காய். அமுக்கிய இடத்திலெல்லாம் பச்சைத் தோல் சீவிக்கொண்டு வந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. பதினோரு இடம். எண்ணினேன். ஒவ்வொன்றையும் மனதுக்குள் அப்பாவின் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

பாதி மழித்த காயைக் கழுவ உப்புத் தண்ணீர் எடுத்துவரப் போன நேரத்தில் அத்தை வடகம் காயவைக்க மாடிக்கு வந்துவிட்டாள். ஒருபக்கம் சாம்பலும் மறுபக்கம் நுரையுமாக, உடம்பெல்லாம் கீறலோடு நடுமாடியில் உட்கார்ந்திருந்த காயைப் பார்த்து, எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்று முடிவு செய்தாள். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அது முச்சந்தியில் உடைபட்டுவிட்டது. அதற்கப்புறம் உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அந்தச் செய்வினையை வைத்தவர் என்று அத்தை கடைசிவரை கீழ்ப் போர்ஷன்காரரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தாள். அவர் பாவம், ரிட்டயர்டு தபால்காரர்.

அப்பாவின் முகத்தில் முதல்முறை கைவைத்தது ஒரு புதன்கிழமை. இடது கன்னம் எளிதாகத்தான் இருந்தது. கொஞ்சம் பிசகினால் இமை துடிக்கும், தாடை இறுகும், கையை எடுத்துவிடலாம். வலது கன்னத்துக்கு வந்ததும் கடைக்காரர் சொன்னது புரிந்தது. அது சுவரில் வேலை செய்வதுபோல் இருந்தது, ஆனால் ரத்தம் உள்ள சுவர். அப்பா ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். நான் கத்தியால் குத்தியிருந்தாலும் செய்தி முடியும்வரை திரும்பியிருக்க மாட்டார்.

அப்போதுதான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இடது கை ஆள்காட்டி விரலால் தோலை இழுத்துப் பிடித்து, அந்த விரலை பிளேடுக்கு மிக அருகிலேயே வைத்துக்கொண்டு நகர்ந்தேன். ரேசர் தடம் மாறினால் முதலில் என் விரலில் படும். அப்பாவின் கன்னத்துக்குத் தெரியாதது என் விரலுக்குத் தெரியும். தோலை இழுத்துப் பிடிக்கவேண்டும் என்று எல்லா வழிகாட்டியிலும் போட்டிருப்பார்கள், சரிதான். ஆனால் விரலை அவ்வளவு கிட்டத்தில் வைக்கச் சொல்லி எவனும் எழுதமாட்டான். ஒரு மாதத்தில் என் விரல் நுனியில் ஏழெட்டுக் கோடு விழுந்தது. அப்பா முகத்தில் ஒன்றும் விழவில்லை. பயம் குறைந்ததா என்றால் இல்லை. திங்கள், புதன், வியாழன், சனி, ஞாயிறு என்று அது நாள் குறித்து வந்தது. செவ்வாயும் வெள்ளியும் அத்தையின் புண்ணியத்தில் எனக்கு விடுமுறை.

வைகாசிக் கடைசியில் கம்பெனி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அடுத்த செவ்வாய், காலை பத்து மணிக்கு மானேஜர் வருகிறார்.

அத்தை காலண்டரைப் பார்த்தாள். செவ்வாய் கூடாது. முந்தின நாள் திங்கள், அமாவாசை. அப்பா தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கவேண்டிய நாள், அன்றும் கூடாது. மிஞ்சியது ஞாயிறு. ஞாயிறு காலை செய்வது செவ்வாய் காலை பத்து மணிவரை தாங்கவேண்டும்.

"ஒட்டச் செரைச்சுரு எய்யா," என்றாள் அத்தை. "ரெண்டு நாளைக்கு மொளைக்கப்படாது."

முளைப்பதும் முளைக்காததும் என் கையில் இருப்பதாக நானும் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் மேலிருந்து கீழாக ஒருமுறை முடித்தேன். தடவிப் பார்த்தேன். கீழிருந்து மேலாகத் தடவினால் சொரசொரத்தது. அப்படியானால் கீழிருந்து மேலாக மழித்தால் இன்னும் ஒட்டப் போகும் என்று தோன்றியது. அதுவரை ஒருநாளும் எதிர்த்திசையில் போனதில்லை. நுரையும் காய்ந்துகொண்டு வந்தது. லாரி முந்தின நாள் வராததால் இன்னொரு அரை டம்ளர் கேட்க வாய் வரவில்லை. நண்பர்களே, காய்ந்த நுரையில், எதிர்த்திசையில், அமுக்கி, அவசரமாக. ஆரம்பிக்கிறவன் செய்யக்கூடாத நாலையும் நான் ஒரே இழுப்பில் செய்தேன். வலது தாடைக்குக் கீழே. விரலை வைக்கவும் மறந்துபோனேன்.

சத்தமே வரவில்லை. ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. பிறகு அது சிவந்தது. பிறகு வழிந்தது.

"ஆ...ச்சா?" என்றார் அப்பா.

பனியனில் பொட்டுப் பொட்டாக விழுவதை அவர் பார்க்கவில்லை. ரத்தம் கட்டாமல் இருப்பதற்கென்று டாக்டர் கொடுத்த சின்ன மாத்திரையை அன்று காலையும் நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். படிகாரக் கல்லை அழுத்தினேன். கல் சிவந்தது. அம்மா ஓடிவந்தாள். பஞ்சு, துணி, மறுபடி பஞ்சு. கடைசியில் அம்மா கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். அவள் கை அப்போது ஆடவில்லை. ரேடியோவில் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியது. அம்மா விரலை எடுத்துப் பார்ப்பாள், மறுபடி வைப்பாள். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். எதைப் பழிப்பது என்று அவளுக்கே தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள்.

நின்றுவிட்டது என்று தெரிந்தபின் அப்பா கண்ணாடி கேட்டார். கம்பிக் காலுள்ள சின்னக் கண்ணாடி. அதில் கழுத்தைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார். இடது கையால் வலது கன்னத்தைத் தொட்டார், தட்டினார், கிள்ளினார். எங்கள் எதிரில் அதுவரை அவர் அப்படிச் செய்து பார்த்ததில்லை. "எனக்குத்... தெரியவே இல்ல," என்றார், யாரிடமும் இல்லாமல். அப்பா பயந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. நான் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. இனிமேல் அந்த ரேசரைத் தொடுவதில்லை என்று தீர்மானம் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது அப்பாவின் முகத்தில் இரண்டு நாள் தாடி, தாராளமாக, உப்பும் மிளகுமாக முளைத்திருந்தது. தாடைக்குக் கீழே அரை அங்குலத்துக்குக் கருஞ்சிவப்பாய் ஒரு பொருக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து தப்பித்து வந்தவர் மாதிரியே இருந்தார். அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து ரேசரை எடுத்தாள்.

"செவ்வாக்கெழம," என்றாள் அத்தை.

"தெரியும் மதினி."

"வெள்ளி செவ்வா பாக்காமத்தான் இந்தக் கதி..."

"கதிதான் வந்தாச்சே மதினி. இன்னும் வர்றதுக்கு என்ன பாக்கி இருக்கு?" அம்மா ரேசரை என்னிடம் நீட்டினாள். "குடத்துல இருந்து எவ்ளோ தண்ணி வேணுமோ எடுத்துக்கோ."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மாட்டேன் என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை. அழுதேன் என்பது நினைவிருக்கிறது. அத்தை என்னைத் திட்டவில்லை. அம்மாவும் திட்டவில்லை. நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு காத்திருந்த அப்பாதான் பேசினார். ஒவ்வொரு வார்த்தையாக உருட்டி வெளியே தள்ளினார்.

"நீ வெட்டுனா... வலிக்கப் போறது... எனக்கு. எனக்கே வலிக்காது. ஒனக்கு... என்னடா பயம்?"

பாதி முகத்தால் சிரித்தார். இந்த வயதில் எனக்குத் தெரிகிறது, அவர் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்திருக்கவேண்டும். அன்று எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. ஆனாலும் ரேசரை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு டம்ளர் நல்ல தண்ணீர், சுடச்சுட. துண்டை நனைத்து முகத்தில் போட்டு ஊறவிட்டேன். நுரை கிண்ணத்தைத் தாண்டி எழும்பியது. மேலிருந்து கீழாக மட்டும், சின்னச் சின்ன இழுப்பாக, பொருக்கைச் சுற்றிக்கொண்டு, விரலை பிளேடுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். இரண்டு இடத்தில் என் விரலில் பட்டது. அப்பா முகத்தில் படவில்லை. காதோரம் வந்தபோது கீழே ஸ்கூட்டர் நிற்கும் சத்தம் கேட்டது. மணி ஒன்பதேகால்கூட ஆகவில்லை. அம்மா துண்டைப் பிடுங்கி அப்பாவின் முகத்தை ஒரு துடை துடைத்தாள், அத்தை கிண்ணத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள், நான் ரேசரைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதை யாரும் செய்யாதீர்கள்.

அம்மா ஏற்கெனவே நாற்காலிகளைக் கணக்காகப் போட்டிருந்தாள். மானேஜர் அப்பாவின் இடது பக்கம் உட்காரவேண்டும், நல்ல பக்கம். அவரும் உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. அத்தை கொடுத்த மோரைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

"பரவாயில்லையே. நான் எப்படி எப்படியோ நினைச்சுக்கிட்டு வந்தேன். முகம் தெளிவா இருக்கு. கைதான் எப்படி இருக்கு?"

"கை... வந்துடுச்சு சார்," என்றார் அப்பா. அப்படிச் சொல்வதாக எங்களிடம் சொல்லவே இல்லை. "ஷேவிங்கே... நாந்தான்... பண்ணிக்கிறேன்." இடது கையால் இடது கன்னத்தைத் தடவிக் காட்டினார்.

அம்மாவின் முகம் வெளுத்தது. மானேஜர் "அப்படியா" என்று சொல்லிக்கொண்டே, "இங்க வெயில் மூஞ்சிலயே அடிக்குதுங்க" என்று நாற்காலியைத் தூக்கி அப்பாவின் வலது பக்கம் போட்டு உட்கார்ந்தார். அம்மா எழுந்து ஜன்னலைச் சாத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்போதுதான் நானும் பார்த்தேன். அப்பாவின் வலது காதுக்குப் பின்னால், கட்டைவிரல் அளவுக்கு ஒரு நுரைக் கட்டி. வெள்ளையாக, இன்னும் ஈரமாக. மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. காதைத் தாண்டியது, கழுத்துக்கு வந்தது. அப்பா கிடங்கின் கூரை ஒழுகுவதைப் பற்றிச் சிரமப்பட்டுப் பேசிக்கொண்டிருந்தார். மழைக்கு முன்னால் தார் பூசவேண்டும் என்றார்.

மானேஜர் கைக்குட்டையை எடுத்தார். கையை நீட்டி அப்பாவின் காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் மெதுவாகத் துடைத்தார். அப்பா திரும்பவில்லை. தார் பூசுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மானேஜர் கைக்குட்டையைப் பார்த்தார். தாடைக்குக் கீழே இருந்த பொருக்கைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கதவோரம் நின்ற என்னையும், நான் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்த விரலையும் பார்த்தார். அந்த அறையில் பொய் வெளிப்பட்டுவிட்டது தெரியாதவர் அதைச் சொன்னவர் ஒருவர்தான்.

மானேஜர் மோரைக் குடித்து முடித்தார். "உடம்பைப் பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை என்று அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"தம்பி, கீழ வரைக்கும் வா," என்றார் என்னிடம்.

படியிறங்கும்போது பைக்குள் ரேசர் தொடையில் குத்தியது. ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று கைக்குட்டையை மடித்தார். இரண்டாக, நாலாக.

"அப்பாக்கு யாருப்பா ஷேவ் பண்றது?"

உண்மையைச் சொன்னால் கொல்லை அறை. பொய்யைச் சொன்னால், அதன் எதிர்ச்சாட்சி அவர் கையில் நாலாக மடிந்து இருந்தது.

"அப்பாதான் சார்."

தலையாட்டினார். "திங்கக்கிழமை லோடு வருது. எட்டு மணிக்குக் கிடங்குல இருக்கணும். அப்படின்னா அவர் ஆறரைக்கெல்லாம் ஷேவ் பண்ணி முடிச்சாகணும். முடியுமா அவரால?"

"முடியும் சார்."

"தினமும்?"

"முடியும் சார்."

"ஸ்கூல் தொறந்தப்புறமும்?"

"முடியும் சார்," என்று சொல்லி முடித்தபிறகுதான் அவர் என்ன கேட்டார் என்பது எனக்கு உறைத்தது. அவர் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. கைக்குட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். சந்து திரும்பும்வரை நான் அங்கேயே நின்றேன்.

மாடியில் மூன்று பேரும் படி முனைக்கே வந்து நின்றிருந்தார்கள். "என்னய்யா சொன்னாரு?" என்றாள் அத்தை.

"திங்கக்கிழமைலேருந்து வரச் சொன்னார்."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா, "நாந்தான்... சொன்னேன்ல. ஷேவிங்... நானேதான்னு... சொன்னதுமே... ஆளு மாறிட்டான்," என்றார். முகம் பாதி மலர்ந்திருந்தது.

"ஆமாப்பா," என்றேன். அன்று செவ்வாய். திங்கட்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. அதற்கப்புறம் வரும் செவ்வாய், வெள்ளி, அமாவாசை எதுவும் இனி எனக்கு விடுமுறை கிடையாது. பையிலிருந்து ரேசரை எடுத்துக் கழுவப் போனேன். நல்ல தண்ணீரிலேயே கழுவினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.